கிருபையை எந்தக் கணக்கில் எழுதுவது?

22 பிப்ரவரி 2023, சாம்பல் புதன்

குடியாத்தத்தில் பிறந்து காட்பாடியில் வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கை கேட்டிருப்பதை அப்படியே ஒட்டுகிறேன்.

"எங்க வீட்டுல முருகன். கட்டிக்கிட்ட வீட்டுல சி.எஸ்.ஐ. சபை. மாமியார் எதுக்கெடுத்தாலும் கர்த்தருடைய கிருபைன்றாங்க. பஸ் கிடைச்சா கிருபை, பால் பொங்கி வழியலைன்னா கிருபை. எங்க அம்மா முருகன் அருள்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுதானா? அது வேற இது வேறன்றாங்க. என்ன வேறன்னு கேட்டா சொல்லத் தெரியலை."

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். ஐம்பத்தேழு வருடமாகச் சபைக்குப் போகிற எனக்கும் சட்டென்று வராது. சண்டே ஸ்கூலில் ஒரு வரி மனப்பாடம் செய்திருக்கிறோம்: தகுதியில்லாதவனுக்குக் காட்டப்படும் தயவு. சொல்லிவிட்டால் மிட்டாய் கிடைக்கும். சரியாகச் சொன்னவனுக்கு மட்டும் மிட்டாய் என்பதே அந்த வரிக்கு எதிரானது என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

நான் பாஸ்டர் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்ல வரும். வேதாகமத்தில் பவுல் எழுதிய ரோமர் 4:4: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." இதைவிடத் தெளிவாக ஒரு சம்பள கிளார்க்குக்கு யாரும் எழுதியதில்லை. வேலை செய்தவனுக்கு நான் கொடுக்கும் கவர் தர்மம் இல்லை, கம்பெனி பட்ட கடன். வேலையே செய்யாதவன் கையில் ஒரு கவர் விழுந்தால் அது கிருபை. பஸ் கிடைப்பது கிருபையா என்பதை அப்புறம் பார்ப்போம்.

23 பிப்ரவரி

"கிரேஸ் மார்க் மாதிரியா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. கிரேஸ் மார்க் 35-க்குப் பக்கத்தில் வந்து நின்றவனுக்கு. 32 எடுத்தவனைத் தூக்கிவிடுவார்கள். 4 எடுத்தவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பவுல் சொல்கிற கிருபை அந்த 4 எடுத்தவனுக்கு. பரீட்சைக்கே வராதவனுக்கும்.

23 பிப்ரவரி, இரவு

சொல்லைப் பற்றி. கிருபை வடமொழிச் சொல். இரக்கம் என்கிற பொருளிலிருந்து வந்தது. நம் ஊர்க் கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து இல்லை. காட்பாடிக்குப் பக்கத்திலேயே காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்தவர் பெயர் என்ன? கிருபானந்த வாரியார். தங்கை, உங்கள் முருகன் பக்கமே கிருபை ஒரு ஆளாக நடமாடியிருக்கிறது. மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

கத்தோலிக்கர் அருள் என்பார்கள். லூக்கா 1:28-இல் தேவதூதன் மரியாளிடம் சொல்வது எங்கள் வேதாகமத்தில் "கிருபை பெற்றவளே, வாழ்க". அவர்களுடைய திருவிவிலியத்தில் "அருள்மிகப் பெற்றவரே". ஒரே கிரேக்கச் சொல்தான். காரிஸ் என்பது வேர். என் பெரியம்மா கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மாமியார் பழைய ஜெபத்தை விடாமல் சொல்வாராம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே." பிரியத்தோடு கொடுக்கப்பட்டது, பிரியதத்தம். இப்போது யாருக்கும் புரியாத சொல். எனக்கென்னவோ மூன்றிலும் அதுதான் கிட்ட வருகிறது. கிருபை என்றதும் மேலே இருந்து ஒருவர் பரிதாபப்பட்டுக் குனிவது போல இருக்கிறது. காரிஸ் என்பதில் மகிழ்ச்சி, அழகு, நன்றி எல்லாம் கலந்து கிடக்கிறது. கொடுக்கிறவர் முகமும் மலர்ந்திருக்கும் கொடை அது.

24 பிப்ரவரி

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டிலும் கிருபை வரும். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26 தடவை "அவர் கிருபை என்றுமுள்ளது". அங்கே இருப்பது காரிஸ் இல்லை, எபிரெயத்தில் ஹெசெட். உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டும் விசுவாசம். கல்யாணமாகி நாற்பது வருடம் கழித்தும் விட்டுப் போகாமல் இருக்கிறாரே, அந்த மாதிரி. தகுதி பார்க்காமல் கொடுப்பது ஒன்று, கொடுத்த வாக்கை விடாமல் இருப்பது இன்னொன்று. நாம் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டோம்.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "நாற்பது இல்லை, இருபத்தொன்பது" என்கிறாள். சரி.

1 மார்ச்

கிராஜுவிட்டி பற்றி. இரண்டு நாளாக இது மண்டையில் ஓடுகிறது.

கிரேஸ், கிராஜுவிட்டி, கிராட்டிஸ் எல்லாம் ஒரே லத்தீன் குடும்பம். பெயரின் அர்த்தப்படி, வேலையை விட்டுப் போகிறவனுக்கு முதலாளி மனமுவந்து தருவதுதான் கிராஜுவிட்டி. 1972-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் போதும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கு. தராவிட்டால் கேஸ் போடலாம். நல்ல சட்டம், தொழிலாளிக்கு அது வேண்டும். ஆனால் பெயர் மட்டும் கிருபை, உள்ளே முழுக்கக் கூலி. போனஸும் அப்படித்தான், 8.33 சதவீதம் கட்டாயம்.

நாம் சபையில் செய்வதும் இதே வேலை என்று தோன்றுகிறது. உபவாசம் இருந்தேன், காணிக்கை போட்டேன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து அனுசரித்தேன், கர்த்தர் கிருபை செய்யணும். "செய்யணும்" என்று வந்துவிட்டால் அது கிராஜுவிட்டி ஆகிவிட்டது. ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தாயிற்று, செக் எப்போது வரும்?

2 மார்ச்

ஆம்பூர் லூத்தரன் நண்பர் கோபித்துக்கொண்டார்: "லெந்தைக் கிண்டல் செய்யாதீங்க." செய்யவில்லை. நானும்தான் கறி விட்டிருக்கிறேன். ஆம்பூர்க்காரர் பிரியாணி விட்டிருக்கிறார். அந்தத் தியாகத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம்.

9 மார்ச்

வரலாறு கேட்டவருக்கு, சுருக்கமாக. பெலேஜியஸ் என்று ஒருவர் ரோமில் போதித்துக்கொண்டிருந்தார். நல்லவர், ஒழுக்கசாலி. மனிதன் முயன்றால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்றார். அவரை எரிச்சலூட்டியது அகஸ்டீன் என்கிற பிஷப்பின் ஒரு ஜெபம்: நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும். வேலையும் அவரே தரணும், செய்யும் பலமும் அவரே தரணும் என்றால் இவன் எதற்கு என்பது பெலேஜியஸின் கேள்வி. நியாயமான கேள்வி. 418-இல் கார்த்தேஜில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் பெலேஜியஸ் பக்கத்தைத் தள்ளிவிட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. என் அனுபவத்தில் நல்ல வேலைக்காரர்கள் எல்லாம் உள்ளுக்குள் பெலேஜியஸ்தான்.

அப்புறம் கிருபை மட்டுமே என்று கத்தோலிக்க சபையோடு மோதிய லூத்தர், அப்புறம் 1618-19-இல் நெதர்லாந்தில் டார்ட் சங்கம். தேவன் தெரிந்துகொண்டால் தெரிந்துகொண்டதுதான், அவருடைய கிருபையை யாரும் எதிர்த்து நிற்க முடியாது என்றது அந்தச் சங்கம். இது நம் ஊருக்கு எப்படிச் சம்பந்தம் என்றால், 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆரம்பித்த ஆற்காடு மிஷன் அமெரிக்காவிலிருந்த டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபையுடையது. டார்ட்டின் வாரிசுகள். வேலூர், ஆரணி, ராணிப்பேட்டை, காட்பாடி என்று எங்கள் பழைய சபைகளுக்கு அஸ்திவாரம் அவர்கள் போட்டது. 1947-இல் சி.எஸ்.ஐ. ஆனபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் எல்லாம் ஒன்றாகக் கலந்ததில் அந்தக் காரம் கரைந்துவிட்டது. இன்றைக்கு எங்கள் சபையில் டார்ட் என்றால் ஏதோ போர்டில் அம்பு எறிகிற விளையாட்டு என்பார்கள்.

லூத்தரனும் கத்தோலிக்கரும் இதே விஷயத்துக்காக நானூறு வருடத்துக்கு மேல் முகம் கொடுக்காமல் இருந்தவர்கள். 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்துப் போட்டார்கள்: நாம் மீட்கப்படுவது நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே என்பதில் நாங்கள் ஒன்று. பங்காளிச் சண்டை தீர்ந்தது பேப்பரில். எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சு வந்தால் இன்னும் தீரவில்லை.

11 மார்ச்

"இந்தச் சண்டை எங்கள் பக்கமும் உண்டு" என்று காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வைணவ நண்பர் எழுதியிருக்கிறார். குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். முன்னது வடகலை, பின்னது தென்கலை. அகஸ்டீனைப் பூனைப் பக்கம் எழுதிக்கொள்ளலாம், பெலேஜியஸ் குரங்கு. யானைக்கு எந்த நாமம் என்று சண்டை போட்ட ஊர்க்காரர் இவ்வளவு நிதானமாக விளக்கியதே ஒரு கிருபை.

தங்கைக்கு: ஆகவே உங்கள் அம்மா சொல்லும் அருளுக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" என்கிறது திருவாசகம். வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும். அகஸ்டீன் காதில் விழுந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். எங்கள் பக்கம் வேறு என்று சொல்வது எங்கே என்றால், அந்தக் கிருபை ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஆளின் சிலுவையில், விலை கொடுத்து வந்தது என்பதில். மாமியார் சொல்ல வந்தது அதுவாக இருக்கும்.

12 மார்ச்

"கிருபைன்னு சொல்லி மிஷன்காரன் கஞ்சி ஊத்தி மதம் மாத்தினான்" என்று ஒருவர். வழக்கமாக இப்படி வந்தால் பதில் போட மாட்டேன். இதற்குப் போடுகிறேன்.

தாது வருஷப் பஞ்சம், 1876-லிருந்து 78 வரை. எங்கள் குடும்பம் சபைக்குள் வந்தது அப்போதுதான், கஞ்சித் தொட்டி வழியாகத்தான். மறைக்க ஒன்றுமில்லை. பள்ளியில் என்னைக் "கஞ்சிக் கிறிஸ்தவன்" என்று ஒருத்தன் சொன்னான். அழுதுகொண்டே வந்து ஆயாவிடம் சொன்னேன். ஆயா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தது. நிமிரவே இல்லை. "ஆமா. பசிக்குப் போனோம், ஊத்துனாங்க, குடிச்சோம். குடிச்சப்புறந்தான் யாரு ஊத்துனாங்கன்னே கேட்டோம். இதுல இன்னா வெட்கம் உனக்கு?" என்றது. முறத்தை ஒரு தட்டு தட்டியது. உமி என் முகத்தில் வந்து விழுந்தது.

24 மார்ச்

இன்று ரம்ஜான் நோன்பு ஆரம்பம். ஷாப்பில் மதியம் அமைதியாக இருக்கிறது. ரொம்ப நாளாகச் சொல்லாமல் இருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998 தீபாவளி போனஸ். லோடு ஏற்றும் ஆட்களுக்கு ஒரு கட்டுக் கவரை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். யாரும் திருப்பித் தரவில்லை. சாயங்காலம் கல்லாவை எண்ணினால் 6,400 ரூபாய் குறைகிறது. என் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு. வவுச்சர் எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட்டேன், மாதம் 400 பிடித்தம் என்று.

டிசம்பரில் நோன்பு மாதம் வந்தது. ஒரு நாள் மாலை, நோன்பு திறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, முதலாளி கூப்பிட்டார். மேசையில் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, பக்கத்தில் என் வவுச்சர். கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். வவுச்சரை நாலாகக் கிழித்தார். "போய் வேலையப் பாரு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஒரு பிரசங்கமும் அதுவரைக்கும் எனக்குக் கிருபையை அப்படிக் காட்டியதில்லை. காட்டியவர் ஒரு பாய்.

25 மார்ச்

மேல்விஷாரத்து நண்பர் விளக்குகிறார்: அது ஜகாத்தாக இருக்காது, ஜகாத் கடமை, இரண்டரை சதவீதக் கணக்கு. இது சதகா, மனமுவந்து தருவது. நன்றி பாய். கடமை வேறு, மனமுவப்பு வேறு என்று நான் இத்தனை பத்தியில் முட்டிக்கொண்டிருந்ததை இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

27 மார்ச்

திருத்தம். நேற்று முன்தினம் ஒரு பாஸ்டர் தனியாகச் செய்தி அனுப்பினார், வவுச்சர் கதையைப் பிரசங்கத்தில் சொல்லலாமா என்று. அப்போதுதான் கதையை முழுசாகச் சொல்லவில்லை என்று உறுத்தியது.

ஒன்று. கிழிப்பதற்குள் இரண்டு மாதம் 800 பிடித்தாயிற்று. அதுவும் ஜனவரி கவரில் திரும்பி வந்தது. மனைவி நினைவுபடுத்தினாள், அந்தப் பணத்தில்தான் பெரியவனுக்கு ஸ்வெட்டர் வாங்கினோம்.

இரண்டு. வவுச்சரைக் கிழித்தால் கணக்கு சரியாகிவிடுமா? கல்லாவில் 6,400 குறைந்தது குறைந்ததுதான். மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கும்போது எனக்கு உதறல். அனாமத்தில் கிடக்கும், ஆடிட்டர் கேட்பார் என்று நினைத்தேன். பேரேட்டைப் புரட்டினேன். முதலாளி பெயரிலிருந்த பக்கத்தில், அவருடைய கையெழுத்திலேயே, "சொந்தப் பற்று 6,400". கம்பெனித் தள்ளுபடி இல்லை, வாராக்கடன் இல்லை. அவர் பையிலிருந்து போயிருக்கிறது. என்னிடம் சொல்லவே இல்லை.

ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்கிற பாஸ்டர் 1937-இல் மலிவான கிருபையைப் பற்றி எழுதினார். மனம் திரும்பாமல் மன்னிப்பு, சீஷத்துவம் இல்லாமல் கிருபை, எல்லாம் இலவசம் என்று சபை கூவி விற்கிறது என்று கோபப்பட்டார். எனக்கு இலவசம், ஆனால் யாரோ விலை கொடுத்தார் என்பது அவர் பேச்சு. ஹிட்லர் ஆட்கள் அவரை 1945 ஏப்ரல் 9-இல் தூக்கில் போட்டார்கள். இந்த வருடம் ஈஸ்டர் அதே தேதியில் வருகிறது. சொந்தப் பற்று என்கிற இரண்டு சொல்லைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் பிடிபட்டது.

மூன்று. இதுதான் மோசம். அதைப் பார்த்து நான் சந்தோஷப்படவில்லை, பயந்தேன். அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னால் வர ஆரம்பித்தேன். மூன்று வருடம் சம்பள உயர்வு கேட்கவில்லை. அவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானே எனக்கு மாதாமாதம் பிடித்தம் போட்டுக்கொண்டேன். கிருபையை வாங்கிக் கூலியாக மாற்றிக் கட்டி முடித்தேன். பாஸ்டர், இதையும் சேர்த்துச் சொல்வதென்றால் சொல்லுங்கள்.

28 மார்ச்

"முன்னால் வந்தது நன்றியுணர்வு, அதில் என்ன தப்பு?" என்று நால்வர் கேட்டுவிட்டார்கள். இருக்கலாம். நன்றி என்றால் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன் இல்லையா? நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

2 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

இன்று ஆராதனையில் மத்தேயு 20 என் மண்டைக்குள்ளேயே ஓடியது. திராட்சத்தோட்டம். காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில், அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு, வந்தவனுக்கும் ஒரு பணம். எந்த ஷாப்பிலும் இப்படி மஸ்டர் எழுதினால் மறுநாள் ஸ்டிரைக். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தது சரி என்றுதான் நான் இருபது வருடம் நினைத்திருந்தேன். எஜமான் கேட்கிறார்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

வன்கண்ணன், அதாவது அடுத்தவனுக்குக் கிடைப்பதைப் பொறுக்காதவன், யார் என்று சொல்கிறேன். தோல் பதனிடும் டிரம்மில் வேலை செய்த ஒரு பையன், 2003-இல் அக்கா கல்யாணத்துக்கு 8,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போனான். இரண்டு வருடம் கழித்து எலும்பும் தோலுமாகக் கேட்டில் வந்து நின்றான். முதலாளி "சாப்பிட்டியா?" என்றார். நாளையிலிருந்து வா என்றார். நான் பேனாவோடு பக்கத்தில் நின்றுகொண்டு, "பழைய பாக்கி எட்டாயிரம் இருக்கு சார்" என்றேன்.

என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆறாயிரத்து நானூறு என்று அவர் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

3 ஏப்ரல்

கேட்கிறீர்கள், அந்தப் பையன் திருந்தினானா என்று. இல்லை. 2007-இல் இன்னொரு 5,000 வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினான். பாஸ்டர் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்.

அமேசிங் கிரேஸ் என்கிற கிருபைப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் புயலில் தப்பி மனம் திரும்பியதாகச் சொல்வார்கள். அதற்கப்புறமும் 1754 வரைக்கும் அடிமைக் கப்பல் ஓட்டினார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் எழுதியது 1788-இல். நாற்பது வருடம்! என்ன கிருபையோ, அவசரமே படுவதில்லை. அந்த நாற்பது வருடத்தில் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களுக்கு அந்தப் பாட்டால் என்ன லாபம் என்று ஒரு கோபமும் எனக்கு உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பாடுகிறேன்.

6 ஏப்ரல், பெரிய வியாழன்

தங்கை எழுதியிருக்கிறார்: "மாமியார்கிட்ட வாரியார் பேரைச் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம், பஸ்சு கிடைச்சா கிருபைன்னு நான் சொல்றது, கிடைக்காத அன்னிக்கும் விட்ற மாட்டார்னு சொல்றதுக்குத்தான்னாங்க."

பார்த்தீர்களா, ஹெசெட். எபிரெயம் படிக்காமலே. பஸ் விஷயத்தில் நான் வாபஸ்.

10 ஏப்ரல்

ஈஸ்டர் முடிந்து கறி எடுக்க லாங்கு பஜார் போயிருந்தேன். ஒன்பது மணிக்கே வேலூர் வெயில் வேலையைக் காட்டுகிறது. மண்டி பக்கம் வெங்காய மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள். முன்பல் இரண்டு இல்லை. நான் தாண்டிப் போனேன், அவன்தான் "கணக்கு சார்" என்றான். டிரம் பையன். பையன் என்ன, நாற்பது தாண்டியிருக்கும்.

முதலாளி எப்படி இருக்கார் என்று கேட்டான். 2011-லேயே போயிட்டாரு என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். "சார், ஒரு எறநூறு இருக்குமா, சனிக்கிழமை தந்துர்றேன்" என்றான். எந்தச் சனிக்கிழமை, எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பாக்கெட் டைரியில் எழுதினேன். முப்பது வருடப் பழக்கம், காப்பி குடித்தாலும் எழுதுவேன். ஆட்டுக்கறி 760. கொத்தமல்லி 10. கைமாற்று 200.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கைமாத்தா?" என்றாள்.

அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டு என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.